ஆயக்கட்டு இல்லாத கண்மாய்

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாட்களில் விடியற்காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே செல்லும் பழக்கம் மதுரையில் இப்போது பரவி வருகிறது. யானைமலை அடிவாரம், அழகர்கோவில் சாலை, கீழக்குயில்குடி சமணர் மலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழி உண்டு. எனக்குப் பிடித்தமானது வைகையின் தென்கரையை ஒட்டி, கோச்சடையில் தொடங்கித் துவரிமான், கொடிமங்கலம், மேலக்கால், தென்கரை வழியாகச் சென்று, ஆற்றைக் கடந்து சோழவந்தானில் முடியும் சாலை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகம் இல்லை. இந்தச் சாலையில் பல ஆண்டுகளாகப் போய்வருகிற ஒருவன் என்ற முறையில், விளைநிலம் எப்படிக் கைவிட்டுப் போகிறது என்பதைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

பேருந்திலோ காரிலோ போகும்போது வயல் பச்சையாக நகர்ந்து போகும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சைக்கிளில் போகிறவருக்குத் தண்ணீரின் போக்கு தெரியும். சாலைக்கு அடியில் செல்லும் குழாய்ப் பாலம், அதன் ஒரு பக்கம் தேங்கி நிற்கும் நீர், மறுபக்கம் வறண்டு கிடக்கும் வாய்க்கால், எந்த மடையில் செடி முளைத்திருக்கிறது, எந்த மடையில் ஈரம் இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான், நிலம் விற்கப்படும் நாளில் மட்டும் நாம் அதை இழப்பதில்லை, பெரும்பாலும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அதற்கு வரும் கால், அதாவது சிறு வாய்க்கால், அடைபட்ட நாளிலேயே இழந்துவிடுகிறோம் என்று நான் உணர்ந்தேன்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக வாய்க்கால் கிடையாது. கண்மாய் மடையிலிருந்து புறப்படும் வாய்க்கால் சிறு கால்களாகப் பிரியும். அந்தக் கால்களும் தீர்ந்த இடத்தில், மேல் வயலின் வரப்பில் வெட்டிய வாமடை வழியாகக் கீழ் வயலுக்குத் தண்ணீர் இறங்கும். கடைமடைக்காரருக்கு, அதாவது கடைசி வயல்காரருக்குத் தண்ணீர் போய்ச் சேர்வது, மேலே இருக்கும் அத்தனை பேரும் வயலை வயலாக வைத்திருப்பதைப் பொறுத்தது. நடுவில் ஒருவர் இரண்டு ஏக்கரை மனையாக்கிக் கிராவல் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டால், அவருக்குக் கீழே இருக்கும் பத்து ஏக்கர் தானாகவே தரிசாகும். அந்தப் பத்து ஏக்கர்க்காரர்கள் சில போகம் பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு அவர்களும் வருகிற விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பத்திரத்தில் அது அவர்கள் மனமுவந்து செய்த கிரயம் என்றே பதிவாகிறது.

அண்மையில் இந்தச் சாலை ஓரத்தில் கண்ட ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். மஞ்சள் வர்ணம் அடித்த கற்கள் வரிசையாக ஊன்றப்பட்டிருந்தன. முகப்பில் வண்ணக் கொடிகளும் ஒரு வளைவும் இருந்தன. அதன் பின் மூலையில், செம்மண் மேட்டுக்குள் பாதி புதைந்த நிலையில், பழைய மடைக்கல் ஒன்று நின்றது. நீர் உரசி உரசி அதன் ஒரு விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. மேட்டுக்கு அப்பால் ஒரு வயலில் நாற்றங்கால் மட்டும் பச்சையாக இருந்தது. பெரியவர் ஒருவர் தொலைவில் இருக்கும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து வந்து அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். “கண்மாய் நெறஞ்சுதான் கெடக்கு தம்பி, தண்ணி வரத்தான் வழியில்ல” என்றார். அரை கிலோமீட்டர் தொலைவில் நிறைந்து கிடக்கும் நீர் தம் வயலுக்கு எட்டாத நிலையில்தான் அவர் நாற்று வளர்க்கிறார்.

மதுரைக்கும் கண்மாய்க்கும் உள்ள உறவு மிகப் பழையது. பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ஊர் ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று குறிக்கப்படுகிறது. ஒரு பெருநகரம் தன் இருப்பிடத்தைத் தனக்கு மேற்கே இருக்கும் ஒரு நீர்நிலையை வைத்துச் சொல்லிக்கொண்ட காலம் அது. மாடக்குளம் கண்மாய் இன்றும் இருக்கிறது. வைகையில் தண்ணீர் வந்தால் நிறைகிறது. ஆனால் அது பாய்ந்த நஞ்சையின் பெரும்பகுதி இப்போது தெருக்களாகவும் வீடுகளாகவும் ஆகிவிட்டது. நகரின் வடகிழக்கே உலகனேரிக் கண்மாய்க்கு நேர்ந்தது வேறு. 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளையின் வளாகம் அந்தக் கண்மாய்ப் பரப்பில்தான் எழுந்தது. கண்மாயே மறைவது ஒரு வகை இழப்பு. கண்மாய் இருந்தும் ஆயக்கட்டு, அதாவது அது பாயும் நிலம், மறைவது இன்னொரு வகை. இரண்டாவது வகை இழப்பு ஊரார் கண்ணுக்குப் படுவதில்லை. கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்துவிட்டால் நீர்நிலையைக் காப்பாற்றிவிட்டதாக நாம் நிறைவடைந்துவிடுகிறோம். அந்தப் பணி வேண்டியதுதான். நிலத்தடி நீருக்கு நல்லது. ஆனால் பாய்வதற்கு வயல் இல்லையென்றால் மடையைத் திறப்பவரும் இல்லை, கால் வெட்டுபவரும் இல்லை. சில ஆண்டுகளில் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் காலைப் பற்றிக் கேட்கவும் ஊரில் ஆள் இருக்காது.

சோழவந்தான் பக்கம் போனால் நிலைமை இன்னும் முழுதாகக் கெட்டுவிடவில்லை என்பது ஆறுதல். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே திருப்பப்பட்டு வைகையில் வந்து சேர்கிறது. வைகையின் குறுக்கே உள்ள பேரணையிலிருந்து பிரியும் பெரியார் பிரதான கால்வாய் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கருக்கு இருபோகமும், மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கருக்கு ஒருபோகமும் பாய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இருபோகப் பகுதியில்தான் சோழவந்தானின் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்கால்களும் இருக்கின்றன. கொடிக்காலைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நெருக்கமாக நட்ட அகத்தி மரங்களின் மேல் கொடியை ஏற்றி, வளர வளர நாரால் கட்டிக்கொண்டே போவார்கள். பாத்திகளுக்கு இடையில் ஓடும் பள்ளத்தில் எப்போதும் ஈரம் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதனால் நீர் உள்ளே வரவும் வழி வேண்டும், வடியவும் வழி வேண்டும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தக் குறியீடு பெயரைக் காக்கும். பக்கத்து நிலம் மேடாகி வடிகால் அடைபட்டால் கொடிக்காலைக் காக்க அதனால் இயலாது.

நிலத்தை விற்ற விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கொடுத்துக் கட்டுபடியாவதில்லை. மகள் திருமணமோ மருத்துவச் செலவோ வந்து நிற்கும்போது, நெல் பல ஆண்டுகள் தராத பணத்தை ஒரே கையெழுத்து தந்துவிடுகிறது. என் குறையெல்லாம் நம் நடைமுறை மீதுதான். அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-ஆம் தேதி வரை விற்ற மனைகளை முறைப்படுத்த வழி செய்தன. பொது நீர்நிலை, கால்வாய் ஆகியவற்றின் மீது அமைந்த மனைகளை முறைப்படுத்த இயலாது என்பதும் விதிதான். பெரிய வாய்க்கால் கிராம வரைபடத்தில் புறம்போக்காகத் தனிப் புல எண்ணோடு இருக்கும். அதைக் காட்டி வாதாடலாம். பட்டா நிலத்துக்குள் ஓடும் சிறு கால் பலவற்றுக்குத் தனி எண் இல்லை. வாமடைக்கு எந்தப் பதிவும் இல்லை. ஊர் வழக்கமும் பெரியவர்களின் நினைவும்தான் அதற்குச் சான்று. ஆகவே புத்தகத்தின்படி எல்லாம் சரியாக இருக்கும்போதே கடைமடை காய்கிறது.

ஊர் கூடிப் பேசினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்வேன். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த மலைப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது, மேலூர் வட்டாரக் கிராமங்கள் கட்சி, சாதி பாராமல் எழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சுரங்கம் என்றால் ஊரே திரள்கிறது. இரண்டு ஏக்கர் மனைப்பிரிவுக்கு யாரும் திரள்வதில்லை. ஆனால் ஆயக்கட்டைத் தின்பது அந்த இரண்டு ஏக்கர்கள்தான்.

எனவே கண்மாய்ப் பாசனம் உள்ள ஊராட்சிகளில் இருக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளும் முதியவர்களும் இருக்கும்போதே, மடை மடையாக நடந்து, எந்தக் கால் எந்த வயலுக்குப் போகிறது என்று கிராம வரைபடத்தின் நகலில் குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதை வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றி, வட்டாட்சியருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மனை வாங்கப் போகும் நகரத்து நேயர்கள், சாலை அகலத்தையும் குடிநீர் இணைப்பையும் கேட்கும்போது, இந்த இடத்தின் வழியாகப் பாய்ந்த தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்றும் கேளுங்கள். அதற்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நன்றி, வணக்கம்.