வைத்துக் குடிக்கும் கறுத்தப் பியர்

வணக்கம் நேயர்களே. பியர் என்றால் வாங்கிய கையோடு குளிரவைத்துக் குடித்து முடிக்கிற பானம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அநேகமான பியருக்கு அது சரிதான். 5 வீத மதுசாரமுள்ள வெளிர் பியரை மாதக்கணக்கில் வைத்திருந்தால் நனைந்த கடதாசி மட்டையின் மணம் ஏறிவிடும். ஆனால் வைக்க வைக்க மெருகேறும் பியரும் உண்டு. அதில் என் மனதுக்கு மிக நெருங்கியது பெல்ஜியத்தின் ஷிமே நீலம் என்ற கறுத்தப் பியர். நீலம் என்பது லேபலின் நிறம்.

பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்கூர்மோன் மடத்தில் ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் 1862இல் ஷிமே பியரைக் காய்ச்சத் தொடங்கினார்கள். அந்த மடத்துத் துறவி தியோடோர் அடிகளார் 1948இல் பிரித்தெடுத்த ஈஸ்ட்தான் அதன் மணத்துக்கு ஆதாரம். நீலத்தில் மதுசாரம் 9 வீதம். அடைக்கும்போது போத்தலுக்குள் மறுபடி ஈஸ்ட்டும் சீனியும் சேர்ப்பதால், மூடியதன் பிறகும் உள்ளே நொதித்தல் நடக்கும். அந்த ஈஸ்ட் மிச்சமிருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடுகிறது. கூடிய மதுசாரமும் காப்பாகச் சேர, பியர் நின்று பிடிக்கிறது.

புதுப் போத்தலை முதலில் திறந்து பாருங்கள். பழுப்பு நுரை தடித்து நிற்கும். மூக்கைக் கொண்டுபோனால் கராம்பு, மிளகு, நன்றாகப் பழுத்த பழம். வாயில் வைத்தால் கருகத் தொடங்கிய சீனிப்பாகு. கடைசியில் தொண்டையில் மதுசாரத்தின் சூடு துருத்திக்கொண்டு நிற்கும். மூன்று, நான்கு வருடம் போனால் அந்தச் சூடு உள்ளுக்குள் அடங்கிவிடும். கசப்பு தணியும், நுரையும் கொஞ்சம் மெலியும். அதற்குப் பதிலாக முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம், ஷெரி வைனின் சாயல் மேலெழும். எனக்கு இந்த வயதுதான் பிடிக்கும். இன்னும் நெடுங்காலம் விட்டால் ஈஸ்ட் செத்துக் கரைந்து சோயா சோஸின் சுவை வந்துவிடலாம். அதனால், பழசு என்பதற்காகவே பெருமைப்பட வேண்டியதில்லை.

75 சென்டிலீட்டர் போத்தலின் லேபலில் ஆண்டு இருக்கும். ஒரே ஆண்டில் சிலதைச் சேர்த்து வாங்குங்கள். ஒன்றை உடனே குடியுங்கள். புதிதில் எப்படி இருந்தது என்று தெரியாமல் பழையதை எடைபோட முடியாது. மற்றவற்றை இருட்டில், 10 முதல் 13 பாகை வரையிலான இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் வண்டல் பக்கவாட்டில் ஒட்டி, ஊற்றும்போது கலங்கும். வெளிச்சம் பட்டால் பியருக்குக் கசப்பேற்றும் ஹொப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமெடுக்கும். நிலவறை இல்லாதவர்கள் வீட்டில் வெப்பம் ஏறியிறங்காத ஒரு அலுமாரி மூலை பாருங்கள். குசினி மட்டும் வேண்டாம்.

குடிக்கும் நாளில் ஃப்ரிட்ஜில் இருந்து நேரே எடுத்து ஊற்றாதீர்கள். கடுங்குளிரில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. 10, 12 பாகையில்தான் மணம் விரியும். அகன்ற வாய்க் கிண்ணத்தில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அடியில் ஒரு விரல்கடை வண்டலைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள்.

உறைப்புக் கறியோடு மட்டும் இதைக் குடிக்காதீர்கள். 9 வீத மதுசாரம் மிளகாயின் எரிவைக் கூட்டும். இத்தனை வருடம் காத்திருந்து சேர்த்த மணம் முழுவதும் அதில் அடிபட்டுப்போகும். அதே மடத்துப் பாற்கட்டியில் ஒரு துண்டு போதும்.