பினாங்குப் பாலத்தில் ஒரு கார் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்?

[திரையில்: பினாங்குப் பாலம், தீவிலிருந்து பெருநிலப் பக்கமுள்ள பிறை நோக்கிச் செல்லும் தடங்கள்]

வணக்கம். பினாங்குப் பாலத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்; பிறைப் பக்கம் இறங்கி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சேர்ந்ததும், பெரும்பாலான பகுதிகளில் அது 110 ஆகிவிடுகிறது. இந்த 30 கிலோமீட்டர் வேறுபாடு கார் நிற்கும் தூரத்தை எந்த அளவுக்கு நீட்டுகிறது என்பதை, நான்காம் படிவ இயற்பியலில் வரும் இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டே கணக்கிடலாம்.

ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து பிரேக்கை மிதிக்கும் வரை, கார் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தை 1.5 வினாடி என்று கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பதை 3.6 ஆல் வகுத்தால் வினாடிக்கு 22.2 மீட்டர், ஆகவே, பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே 33.3 மீட்டர் கடந்துபோயிருக்கும்.

[திரையில்: இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தூரம்]

அடுத்தது பிரேக் தூரம். கார் நின்றுவிடுவதால் இறுதி வேகம் சுழியம். எனவே தொடக்க வேகத்தின் வர்க்கத்தை, எதிர்முடுக்கத்தின் (அதாவது வேகம் குறையும் வீதத்தின்) இருமடங்கால் வகுத்தால் தூரம் கிடைக்கும். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம், அதாவது டயர் சாலையை எவ்வளவு பற்றிப் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண், ஏறத்தாழ 0.7; அதை ஈர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் பெருக்கினால், வினாடிக்கு வினாடி சுமார் 7 மீட்டர் என்ற எதிர்முடுக்கம் வரும். பிரேக் தூரம் 35.3 மீட்டர், இரண்டையும் கூட்டினால் 68.6 மீட்டர். இக்கணக்கில் காரின் நிறை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்: நிறை கூடும்போது உராய்வு விசையும் அதே விகிதத்தில் கூடுவதால், இரண்டும் அடிபட்டுப் போகின்றன. (பிரேக் சூடேறும் லாரிகளுக்கு இந்த எளிய கணக்கு அப்படியே பொருந்தாது.)

இப்போது 110. வினாடிக்கு 30.6 மீட்டர் என்பதால், கால் பிரேக்குக்குப் போவதற்குள் 45.8 மீட்டர், பிறகு நிற்க 66.7 மீட்டர், ஆக மொத்தம் 112.5. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பிரேக் தூரமோ ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. வர்க்கத்தின் விளைவு அது. ஆனால் என்னைக் கூடுதலாக உறுத்துவது வேறொரு கேள்வி: 80இல் வந்த கார் முழுமையாக நின்றுவிட்ட அந்த 68.6ஆவது மீட்டரில், 110இல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்? அதற்குப் பிரேக் பிடிக்கக் கிடைத்தது 22.8 மீட்டர் மட்டுமே. அதே சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், மணிக்கு 89 கிலோமீட்டர். மற்றொரு கார் அசையாமல் நிற்கும் இடத்தை, இது பாலத்தின் உச்ச வேகத்தையும் மிஞ்சிய வேகத்தில் கடக்கிறது.

[திரையில்: மாலை மழை, ஈரச் சாலை]

மழையில் உராய்வுக் குணகத்தை 0.4 என்று கொண்டால், எதிர்முடுக்கம் 4 ஆகக் குறைந்து, 80இல் செல்லும் காருக்கு 95 மீட்டர் தேவைப்படும். 110இல் அது 162 மீட்டரையும் தாண்டும்.

இங்கேதான், முன்னால் செல்லும் காருக்கும் நமக்கும் இடையே இரண்டு வினாடியில் கடக்கும் தூரத்தையாவது விட வேண்டும் என்ற இரண்டு வினாடி விதியைச் சற்று ஆராய வேண்டும். 80இல் இரண்டு வினாடி என்பது 44.4 மீட்டர், நிற்பதற்கோ காய்ந்த சாலையிலேயே 68.6 வேண்டுமே என்று கேட்கலாம். முன்னால் செல்லும் காரும் பிரேக் பிடித்து 35 மீட்டர் ஓடித்தான் நிற்கும் என்பதால், அந்த இடைவெளி ஓட்டுநரின் எதிர்வினை நேரத்தை ஈடுகட்டினாலே போதும். ஆனால் முன்கார் எதன்மீதாவது மோதி அதே இடத்தில் நின்றுவிட்டால், நமக்குப் பிரேக் பிடிக்க எஞ்சுவது 11 மீட்டர்தான். காய்ந்த சாலையிலும் மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவோம். மழையில் அந்நிலையிலும் மோதாமல் நிற்க வேண்டுமானால், 95ஐ 22.2 ஆல் வகுத்துப் பாருங்கள்: நான்கு வினாடிக்கும் சற்று அதிகமான இடைவெளி தேவை.