சனிக் கிரகத்து ஆர்கெஸ்ட்ரா

[திரை இருட்டு. முரசுச் சத்தம் மட்டும்.]

திருவிழா போஸ்டரில் 'ஆர்கெஸ்ட்ரா' என்று போட்டால், அது 'ஆ' இல்லை, 'ஓ' என்று திருத்த ஊருக்கு ஒரு இங்கிலீஷ் வாத்தியார் இருப்பார். அடுத்த முறை அவரிடம் சன் ரா என்ற பெயரைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பியானோக் கலைஞர் சன் ரா. தன் ஜாஸ் குழுவுக்கு அவர் வேண்டுமென்றே வைத்த பெயர் ஆர்கெஸ்ட்ரா. எங்கள் பக்கத்து ஆட்கள் வாயில் அப்படித்தான் வரும் என்பது அவர் சொன்ன விளக்கம். அதற்குள் இன்னொரு குறும்பும் உண்டு. ஆங்கிலத்தில் அதை அவர் எழுதியது Arkestra என்று. அதன் கடைசி இரண்டு எழுத்து 'ரா'. முதல் இரண்டு எழுத்தைத் திருப்பிப் படித்தால், அதுவும் 'ரா'. பழைய எகிப்தின் சூரியக் கடவுள் பெயர்.

[மேடை. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.]

நிகழ்ச்சி எப்படி இருக்கும்? மேடையில் சில நாள் பத்துப் பேர், சில நாள் இருபதுக்கும் மேல். மினுக்கும் அங்கி, தலையில் பளபளக்கும் தொப்பி. முதலில் தாளம்தான். சாக்ஸபோன்காரர் கையிலும் ஏதாவது ஒரு மேளம் இருக்கும். சன் ரா கையை உயர்த்துவார். ஊதுகுழல்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் அலறும். காதைப் பொத்தலாமா என்று நீங்கள் யோசிக்கும்போது, 1930களின் நடனக் கூடத்தில் ஒலித்த ஒரு மெட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் வந்து நிற்கும். கடைசியில் எல்லோரும் வரிசை கட்டி, விண்வெளிதான் நமக்கான இடம் என்று பாடிக்கொண்டே கீழே இறங்கி உங்கள் நாற்காலியைச் சுற்றி வருவார்கள்.

வேஷம் கட்டிக் கூத்தடிக்கிறார்கள் என்று நினைத்து முதல் தடவை வீடியோவை மூடியவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோதுதான், இது வெறும் கூத்தில்லை என்று உறைத்தது.

[பழைய புகைப்படங்கள். சிகாகோ.]

1914-ல் பர்மிங்காம் நகரில் பிறந்தபோது அவர் பெயர் ஹெர்மன் பிளவுண்ட். வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று சட்டமே ஊரைப் பிரித்து வைத்திருந்த காலம். பிறகு சிகாகோ வந்து, 1946-47-ல் ஃபிளெட்சர் ஹெண்டர்சனிடம் பியானோ வாசித்தார். பெரிய ஜாஸ் குழுவில் எந்தக் குழல் எப்போது பேச வேண்டும், எப்போது வாய் மூட வேண்டும் என்ற இலக்கணத்தை வகுத்த முன்னோடிகளில் ஹெண்டர்சனும் ஒருவர். அந்தப் பாடத்தைச் சன் ரா கடைசி வரை விடவில்லை. 1952-ல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். நான் இந்தப் பூமிக்காரனே இல்லை, சனிக் கிரகத்திலிருந்து வந்தவன் என்றார். யார் கேட்டாலும் சிரிக்காமல் சொன்னார். அலபாமாவில் உன் இடம் இது என்று கோடு போட்டுக் காட்டியவர்களுக்கு இதைவிடக் கிண்டலான பதில் எனக்குத் தோன்றவில்லை.

[பிலடெல்பியா. ஒரு சாதாரண வரிசை வீடு.]

1968-ல் குழு பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. சாக்ஸபோன் கலைஞர் மார்ஷல் ஆலனின் அப்பா கொடுத்த வீடு. ஏறக்குறைய குருகுலம்தான். மது கிடையாது, போதை கிடையாது. நடுராத்திரி குரு கூப்பிட்டாலும் வாத்தியத்தோடு வந்து உட்கார வேண்டும். மேடையில் பாட்டுப் பட்டியல் கைக்கு வராது. அவர் பியானோவில் நாலு சுரம் தட்டுவார். எந்தப் பாட்டு என்பதை அதிலேயே பிடித்துவிட வேண்டும். நூற்றுக்கணக்கான பாட்டுகள்! அந்தக் கூத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு இது. ஜான் கில்மோர் என்ற டெனார் சாக்ஸபோன் மேதை, தனியாகப் போயிருந்தால் பெரும் பெயர் எடுத்திருக்கக்கூடியவர், இந்தக் குழுவிலேயே ஏறத்தாழ நாற்பது வருடம் இருந்தார்.

[பெரிய மர முரசு. அருகிலிருந்து.]

இந்த முரசைப் பாருங்கள். வீட்டுப் பக்கம் ஒரு மரத்தில் இடி விழுந்தது. குழுவில் இருந்த ஜேம்ஸ் ஜாக்சன் அந்த மரத்தைக் குடைந்து முரசாக்கி, வளைந்த குச்சிகளால் முழக்கினார். ஆப்பிரிக்கத் தாளம் இவர்களுக்கு மேல்பூச்சு இல்லை, அடித்தளம். 1960களில் ஒரு சோதனை நடந்தது. குழல் வாசிப்பவர்களிடம், அவர்களுக்குப் பழக்கமே இல்லாத பல நாட்டுத் தந்தி வாத்தியங்களைக் கொடுத்து, வாசியுங்கள் என்று சொல்லிப் பதிவு செய்தார் சன் ரா. தெரியாததை எப்படி வாசிப்பது? அதைத்தான் அவர் கேட்க ஆசைப்பட்டார். 1971 டிசம்பரில் குழுவையே எகிப்துக்குக் கூட்டிப் போனார். பெயரில் ராவை வைத்துக்கொண்டு பிரமிடைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பணம்? பெரிதாக இல்லை. சொந்தமாக 'எல் சாட்டர்ன்' என்ற இசைத்தட்டு நிறுவனம். பல தட்டுகளுக்கு உறையைக் கையாலேயே வரைந்து, கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கமே விற்றார்கள். அன்று சில டாலர், இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள்.

[இன்றைய மேடை.]

1993-ல் சன் ரா இறந்தார். கில்மோர் பொறுப்பேற்றார், 1995-ல் அவரும் போனார். அதன்பின் தலைமை மார்ஷல் ஆலனுக்கு வந்தது. 1924-ல் பிறந்தவர். 2024 மே மாதம் நூறு வயது நிறைந்தது. தன் பெயரில் முதல் ஆல்பத்தை 2025-ல்தான் வெளியிட்டார். அவசரமே இல்லை!

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். 1959-ல் வந்த 'ஜாஸ் இன் சில்லவெட்' ஆல்பத்தைப் போடுங்கள், வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அது பிடித்துவிட்டால் தந்தி வாத்தியச் சோதனைக்குப் போங்கள். அதற்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.