கடற்கரை அங்கன்வாடியில் கேட்க வேண்டிய இருபது கேள்விகள்

அங்கன்வாடிப் பணியாளர்களே, கிராம சுகாதாரச் செவிலியர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாரையும்விட இன்று நான் எதிர்பார்த்து வந்த பாட்டிமார்களே, வணக்கம். பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சிநிலையான ஆட்டிசத்தைச் சிறு வயதிலேயே கண்டுகொள்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நிலாவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், கைகொட்டும் சப்பாணியையும் தளர்நடையிட்டு வரும் வருகையையும் நிலாவை விளையாட அழைக்கும் அம்புலியையும் தனித்தனிப் பருவங்களாகவே வகுத்தார்கள். நீங்கள் விரல் நீட்டும்போது பிள்ளை விரலைப் பாராமல் நிலாவைப் பார்க்கிறதா, பார்த்த பின் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, தானே விரல் நீட்டித் தொலைவில் போகும் வள்ளத்தை உங்களுக்குக் காட்டுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பவையே ஆட்டிசத்தை முன்கூட்டி ஐயுறுவதற்குப் பயன்படும் எம்-சாட் வினாப்பட்டியலின் உயிர்நிலை. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான அப்பட்டியலில் உள்ளவை 20 கேள்விகளே. ஐயத்துக்குரிய விடைகள் 3 முதல் 7 வரை இருந்தால் அவற்றையே விளக்கமாக மறுபடி கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புவது ஆட்டிசம் என்ற முடிவாகாது. செவித்திறன் குறைவாலும் பிள்ளை திரும்பாமல் இருக்கலாம் என்பதால், காதைச் சோதிப்பதும் இதனோடு சேர்ந்ததே.

'ஆம்பளப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்' என்று சொல்லி, நாக்கில் வசம்பு தடவிக் காத்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. தாமதித்த பிள்ளைகளில் பலர் பின்னர் பேசிவிடுவதால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளை பேசாத நாளிலும் வேண்டியதைக் கையால் காட்டும், கண்ணால் கெஞ்சும். அதுவும் இல்லாத இடத்தில்தான் காத்திருப்பு பிள்ளைக்குக் கேடாகிறது. வளர்ப்புக் குறையால் ஆட்டிசம் வருவதில்லை, தடுப்பூசியாலும் வருவதில்லை. தாயின் பாராமுகமே காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். அது பிழையென்று நிறுவப்பட்டு வெகுகாலம் ஆகியும், மாமியார்கள் வாயில் இன்னும் அது மடியவில்லை என்பது என்னை வருத்துகிறது.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். குழு வரும் நேரத்தில் தாய் பாசி எடுக்கக் கடலுக்குள் இருப்பார், தந்தை தொழிலுக்குப் போயிருப்பார். அறியாத முகங்களைக் கண்டு அழும் குழந்தையிடமிருந்து யார் என்ன அறிய முடியும்? பிள்ளையின் நாள் முழுவதையும் அறிந்தவர் பாட்டி. ஆகவே கேள்விகளை அவரிடம் கேளுங்கள், அவர் பேசும் தமிழிலேயே கேளுங்கள்.

கேட்டபின் கைவிடுவது கேளாமல் இருப்பதைவிடக் கொடியது என்பேன். ராமேசுவரத்திலிருந்து, மேற்சோதனைக்குப் போக வேண்டிய ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை இழந்து போய்வரும் குடும்பம் இரண்டாம் முறை தயங்கும். ஆதலால் பேச்சுப் பயிற்சியாளர் வரும் நாளைச் செவிலியரே முன்னதாக விசாரித்துச் சொல்வதும், குளிப்பாட்டும்போதும் வலை சீர்செய்யும்போதும் பிள்ளையோடு முகம் பார்த்து விளையாடும் முறையை அந்தப் பாட்டிக்குக் கற்றுத்தருவதும் பரிசோதனையின் பகுதியே. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி வகையாக ஏற்றிருக்கிறது. சான்றிதழ் பெறுவது பிள்ளையின் உரிமை.

2001 ஆகஸ்ட் 6 அன்று, இதே கரையில், ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்கள் மனநோயாளிகள், ஆட்டிசம் மனநோயன்று. ஆயினும் உதவி எங்கே கிடைக்கும் என்றறியாத குடும்பம் எதற்கெல்லாம் இணங்கிவிடும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், தந்தையர் வீட்டில் இருப்பார்கள். வருகிற தடைக்காலத்துக்குள் உங்கள் பதிவேட்டைத் திறந்து, 16 மாதம் நிறைந்த பிள்ளைகளின் பெயர்களைத் தனியே எழுதி வையுங்கள்; வீடு வீடாக நானும் உடன் வருகிறேன்.