ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பெட்ரோல் பிக்கப். மைலேஜ் குறைந்துவிட்டது, ஐடிலில் உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் மாட்டினால் ஆக்சிஜன் சென்சார் என்று பழுதுக் குறியீடு (code) வருகிறது. புது சென்சார் மாட்டி நாலு நாள் ஆவதற்குள் அதே விளக்கு மறுபடி எரிகிறது. பல வண்டிகளில் சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். பழுது வேறு இடத்தில் இருக்கும்.

கழிவுப் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு சென்சார் மின்னழுத்தம் தருகிறது. பெட்ரோல் அதிகமானால், அதாவது ரிச்சாக ஓடினால், 0.9 வோல்ட் பக்கம் போகும். காற்று அதிகமாகி லீனானால் 0.1 பக்கம் இறங்கும். அதைப் பார்த்து இசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதால், நல்ல சென்சாரின் அளவு நடுக்கோடான 0.45-ஐத் தாண்டித் தாண்டி ஆடிக்கொண்டே இருக்கும். சில பழைய நிசான், ஜீப் வண்டிகளில் டைட்டானியா வகை உண்டு. அது வோல்ட் உண்டாக்காது, மின்தடைதான் மாறும். அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

மீட்டரை எடுக்கும் முன் சென்சாருக்கு முன்னால் புகை வெளியேறும் மேனிஃபோல்டில் லீக் இருக்கிறதா என்று பாருங்கள். புகை விட்டு விட்டு வருவதால், இடைவெளியில் வெளிக்காற்று அந்த விரிசல் வழியே உள்ளே இழுபடும். சென்சார் அதை லீன் என்றுதான் சொல்லும். ஒரு பிளக் மிஸ் அடித்தாலும் இதே கதை: எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், இசியு மேலும் பெட்ரோலை ஊற்றும், பின்னால் கரும்புகை வந்தாலும் அளவு லீன் என்றே காட்டும்.

அடுத்தது வோல்ட் சோதனை. சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். அதனால் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டர்தான் வேண்டும், முள் மீட்டர் வேண்டாம். வயரின் உறையைக் குத்தாமல், கனெக்டரின் பின்பக்கமாக, சென்சாரின் வோல்ட் வரும் சிக்னல் வயரில் ஊசியை நுழையுங்கள். இன்ஜினை 2,000 ஆர்பிஎம்மில் வைத்தால் அளவு 0.2-க்குக் கீழும் 0.8-க்கு மேலும் மாறி மாறிப் போக வேண்டும்.

கீழேயே ஒட்டிக்கொண்டு நின்றாலும் உடனே சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். பற்ற வைக்காத புரொப்பேன் டார்ச்சிலிருந்து ஏர் இன்டேக்கில் கொஞ்சம் வாயு விடுங்கள்; பக்கத்தில் தீப்பொறி கூடாது. அளவு சட்டென்று 0.8-க்கு ஏறினால் சென்சார் நன்றாக இருக்கிறது, இன்டேக் பக்கம் உறிஞ்சும் வேக்கம் ஹோஸ்களில் லீக் இருக்கிறதா, ஃபியூயல் பிரஷர் சரியா என்று பாருங்கள். ஆமை வேகத்தில் ஏறினால் சென்சாருக்கு வயதாகிவிட்டது. மேலேயே நின்றால் எதிர்ச்சோதனை: ஒரு வேக்கம் ஹோஸைக் கழற்றுங்கள், உடனே இறங்க வேண்டும். ஒற்றை வயர் சென்சாரில் எர்த் என்பது புகைக்குழாயின் மரைதான். அங்கே துரு ஏறினாலும் அளவு குறைந்து காட்டும்.

பி 0135 என்று குறியீடு வந்தால், சென்சாரைச் சூடாக்க அதற்குள்ளேயே இருக்கும் ஹீட்டர் பக்கம். கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். பாஷ் சென்சாரில் அவை பொதுவாக வெள்ளை, டென்ஸோவில் கறுப்பு. ஆறிய சென்சாரில் பெரும்பாலும் சில ஓம்களிலிருந்து 15 ஓம் வரை இருக்கும். ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது. சரியாக இருந்தால் ஃபியூஸையும், இன்ஜின் ஓடும்போது வண்டிப் பக்கம் 12 வோல்ட் வருகிறதா என்பதையும் பாருங்கள். சிக்னல் வயரில் மட்டும் ஓம் வைத்துப் பார்க்கவே கூடாது, சென்சார் கெடும்.

கழற்றிய சென்சாரின் முனையையும் பாருங்கள். கரிப் படலம் ரிச்சுக்கு அடையாளம். வெள்ளைப் பூச்சு என்றால் சிலிக்கோன் கேஸ்கெட் பசையோ கூலன்ட்டோ உள்ளே போயிருக்கிறது. காரணத்தை அடைக்காமல் மாட்டினால் புதியதும் அதே கதிதான்.

மாட்டும்போது, மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பசை மரையில் மட்டும், முனையில் படக்கூடாது. 18 மில்லிமீட்டர் மரைக்கு 40 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். வயரை வெட்டி இணைக்க வேண்டி வந்தால் சால்டரிங் வேண்டாம், நசுக்கி இணைக்கும் கிரிம்ப் போடுங்கள். ஒப்பிடுவதற்கான வெளிக்காற்று பல சென்சார்களுக்கு அந்த வயரின் இழைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத்தான் போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும்.