பத்தே நிமிடத்தில் ரயில் நிலையம்

நடுவர் அவர்களே, உத்திரமேரூர்ப் பெருமக்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம். வணக்கம் நீண்டால் அதையும் என் நேரத்தில் கழித்துவிடுவார் நடுவர். போன ஆண்டு பட்ட அனுபவம். ஆகவே இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

"சென்னையின் வீட்டுப் பெருக்கத்தை அண்டை மாவட்டத்துக் கிராமங்கள் ஏற்க வேண்டுமா?" இதுதான் தலைப்பு. ஏற்கத்தான் வேண்டும் என்று அந்தப் பக்கம் மூன்று பேர், வேண்டாம் என்று இந்தப் பக்கம் மூன்று பேர். எண்ணிக்கை சரிசமம். நியாயம் எந்தப் பக்கம் என்பதை உங்கள் கைதட்டல் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா கடைசியில் என்ன சொன்னார், கவனித்தீர்களா? "இப்போது பேச வருகிறாரே, அவர் எங்கே குடியிருக்கிறார் தெரியுமா? முடிச்சூருக்கு அப்பால் மனை வாங்கி, மாடி வீடு கட்டி, சுகமாக இருக்கிறார். முண்டியடித்து பஸ்ஸில் ஏறியவர், படியிலேயே நின்றுகொண்டு, கீழே இருப்பவர்களைப் பார்த்து 'இடமில்லை, அடுத்த பஸ்ஸில் வாருங்கள்' என்கிறார்!" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். பரவாயில்லை. மூன்றாவது வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அவரும் கைதட்டினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உண்மைதான் அம்மா, ஏறியவன்தான். ஆனால் எப்படி ஏறினேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. இவர்கள் கேட்பார்கள்.

அப்போது சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் காலையில் செய்தித்தாளுக்குள் ஒரு துண்டு விளம்பரம். "சென்னைக்கு மிக அருகில். ரயில் நிலையம் பத்தே நிமிடம். ஞாயிறு தோறும் இலவச வேன், மதிய உணவு உண்டு." இதில் என்னைக் கவர்ந்தது எது என்று என் உடம்பைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. நான், என் மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. அம்மாவுக்கு வந்தவாசிப் பக்கம். அறுபது வயதுவரை நாற்று நட்டவர், களை பறித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது; மண்ணைப் படிப்பார். வேன் ரயில் நிலையத்தைத் தாண்டியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. முப்பத்தைந்தாவது நிமிடம் டிரைவரிடம் கேட்டேன். "சார், இது சுற்று வழி. நேர் வழியில் போனால் பத்தே நிமிடம்" என்றார். அந்த நேர் வழி எங்கே என்று கேட்டேன். "வரும் சார்" என்றார். இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள். "வரும் சார்."

போய் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை அடித்த கற்கள், கலர் கொடிகள், ஷாமியானா, மோர். விற்பனைக்கு வந்த இளைஞர் வரைபடத்தை விரித்து "முப்பதடிச் சாலை, பூங்கா, அங்காடி" என்று விரலால் ஊர் கட்டிக்கொண்டிருந்தார். என் அம்மா வரைபடத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார். கிழங்கோடு வந்தது. என்னிடம் நீட்டி, "தம்பி, கோரை" என்றார்.

"அம்மா, இயற்கைப் புல்வெளி" என்றார் இளைஞர்.

அம்மா நாலடி தள்ளிப் போனார். அங்கே நீளமாக ஒரு கருங்கல் கட்டுமானம். மேலே வரிசையாகக் கல் நட்டிருந்தது. "இது என்னப்பா?" என்று கேட்டார். "அது பழங்காலத்து மேடை அம்மா. பூங்கா வந்ததும் மாலையில் நீங்கள் உட்கார்ந்து காற்று வாங்கலாம்" என்றார் அவர்.

இங்கே சிரிக்கிறீர்களே, நீங்கள் இந்த மண்ணின் பிள்ளைகள், அதனால் சிரிக்கிறீர்கள். அது கலங்கல் என்று உங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய பழைய செங்கல்பட்டுச் சீமையாயிற்றே இது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கலில் வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்குப் போகும். கீழ் ஏரி நிரம்பினால் அதற்கும் கீழே. சங்கிலி மாதிரி கோத்து வைத்தார்கள் நம் முன்னோர்கள். சென்னையிலிருந்து வந்த எனக்கு அது பெஞ்சாகத் தெரிந்தது. அப்படியானால் அந்த முப்பதடிச் சாலை என்னவாக இருக்கும்? ஆமாம். கலங்கலுக்கு நேர் கீழே, கால்வாய் போன தடம்.

அம்மா சொன்னார்: "கோரை முளைக்கிற இடத்தில் நண்டு குடியிருக்கும், மனுஷன் குடியிருக்க மாட்டான். வா போகலாம்." எப்படிப் போவது? அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. பிரியாணி தின்ற கை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லுமா? போட்டது. ஒரு கிரவுண்டு. இரண்டாயிரத்து நானூறு சதுர அடி நண்டு வளை.

வீடு கட்டினேன். குடிபோனேன். சில ஆண்டு ஒன்றும் இல்லை. மழை வரும், போகும். அம்மாவைக் கேலிகூடச் செய்தேன்: "எங்கேம்மா உன் நண்டு?" அம்மா பதில் சொல்ல மாட்டார்.

2015 டிசம்பர் 1. அந்த இரவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். ஆனால் அந்த ஏரித் தண்ணீர் அடையாற்றில் வந்து சேருகிற இடம் எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். எங்களை முழுக அடித்தது மேலே இருக்கிற ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர். எந்த வழியாக வந்தது? முப்பதடிச் சாலை வழியாக! இடது பக்கமாக, ஒழுங்காக, பழகிய பாதையில் வருகிறவரைப் போல வந்தது. அதற்கு அது சொந்த வழி. நாம்தான் குறுக்கே.

இரவு முழுக்க மொட்டை மாடியில் ஒரு தார்பாலினுக்குக் கீழே மூன்று பேர். அம்மா வாயே திறக்கவில்லை. விடிந்தது. கீழே பார்த்தால் தண்ணீர், தண்ணீர், எதிர் வீட்டுக் காரின் கூரை. அம்மா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கோரை."

இருங்கள், கதை முடியவில்லை. முக்கியமான இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். கடலை விட்டு, தெருவுக்குள் படகு ஓட்டி வந்த அந்தத் தெய்வங்களை எந்த மேடையிலும் நான் கும்பிடாமல் விட்டதில்லை. ஏறி உட்கார்ந்தோம். "எங்கே சார் விட வேண்டும்?" என்றார். ரயில் நிலையம் பக்கம் மேடு என்றேன். படகு புறப்பட்டது. சுற்றுச்சுவர் இல்லை, சந்து பொந்து இல்லை, ஒரே நேர்கோடு. கரை ஏறியதும் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்தே நிமிடம்!

விளம்பரம் பொய் சொல்லவில்லை நடுவர் அவர்களே. படகில் போக வேண்டும் என்று போட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். "நேர் வழி வரும் சார்" என்று டிரைவர் சொன்னாரே, வந்துவிட்டது. ரயில் மட்டும் அன்றைக்கு ஓடவில்லை. விளம்பரத்திலும் ரயில் நிலையம் என்றுதானே இருந்தது, ரயில் என்று இல்லையே!

இப்போது பேராசிரியை அம்மாவின் பஸ்ஸுக்கு வருகிறேன். நான் படியில் நின்று கத்துவது என் சீட்டுப் போய்விடும் என்ற பயத்திலா? உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து கத்துகிறேன். டிரைவர் சீட் காலி. பிரேக் இல்லை. தரைப்பலகை உடைந்து ரோடு தெரிகிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் அது பஸ்ஸே இல்லை, மாட்டுவண்டி. பஸ் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. 2022-இல் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆயிற்று. ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோடு ஐந்து மடங்கு நீண்டுவிட்டது. குழாய் நீண்டதா? சாக்கடை நீண்டதா? எங்கள் ஊராட்சியில் ஒரு தலைவர், ஒரு செயலர், ஒரு மேல்நிலைத் தொட்டி. இந்த மாட்டை வைத்துக்கொண்டு ஐம்பத்தாறு பேரை ஏற்று என்றால் அம்மா, மாடு என்ன பாவம் செய்தது?

எதிரணியில் முதலில் பேசிய தம்பி "வந்தாரை வாழ வைக்கும் மண்" என்றார். வாழ வைக்கட்டும். மூழ்க வைத்தால்? நிலத்தின் விலை ஏறியது, விற்றவன் கார் வாங்கினான் என்றும் சொன்னார். வாங்கினான் தம்பி. எதிர் வீட்டில் கூரை மட்டும் தெரிந்ததே, அந்தக் கார்தான். அப்படியானால் மக்கள் எங்கே போவார்கள் என்கிறீர்களா? மெட்ரோ ரயில் ஓடுகிற சாலைகளில், நகரத்துக்குள்ளேயே மாடிமேல் மாடி கட்டட்டும். இதை எங்கள் அணித் தலைவர் விளக்கமாகச் சொல்வார். எனக்கு விளக்கத் தெரியாது.

ஆனால் இந்த ஊரில் நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் இங்கே எனக்குப் பொங்கல் கிடைக்காது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறதே, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் இந்த ஊரில் ஏரி வாரியம் இருந்தது. ஏரியைக் காக்க ஆறு பேர், குடவோலையில் தேர்ந்தெடுத்தவர்கள். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கவே முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இந்த விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், முன் வரிசையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு ஏரியைக் காக்க ஆறு பேர். எங்கள் பக்கம் ஏரியைக் கூறுபோட ஆறு பேர்.

மணி அடித்துவிட்டீர்களா? கேட்டது நடுவர் அவர்களே. இரண்டே நிமிடம். பத்து நிமிடம் என்று சொல்ல மாட்டேன், பயம்.

படகில் வந்து இறங்கினோம் அல்லவா? ரயில் இல்லை. போக்கிடம் இல்லை. பழைய ஊர்க்காரர்கள் டிராக்டரில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஊர் நத்தம் மேட்டில் இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆறு நாள் தங்கினோம். ஓர் ஆயா தினமும் கஞ்சி கொண்டுவருவார். மூன்றாம் நாள் கேட்டார்: "உன் வீடு எதுப்பா?" கை நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது எங்கள் நாற்றங்கால்" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினார்.

2019 கோடை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த அந்த வருடம். என் ஆழ்துளைக் கிணறு காற்று வாங்கியது. நாலாயிரம் ரூபாய் கொடுத்து டேங்கர் லாரி வரவழைத்தேன். லாரி என் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது அந்த ஆயா இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றார். அவர்கள் ஊர்க் கிணறும் வற்றிவிட்டது. கஞ்சி ஊற்றியவரிடம் கணக்குப் பார்ப்பேனா? குழாயை நீட்டினேன். உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இந்த லாரி எங்கே பிடித்தது?"

டிரைவர் சொன்னார், மணிமங்கலம் தாண்டி ஒரு பம்புசெட் என்று.

"எங்கள் அண்ணன் கிணறு" என்றார் ஆயா. "முதலில் லேசாக உவர்க்கும், தொண்டையில் இறங்கும்போது இனிக்கும். பிறந்த வீட்டில் நடவு முடித்துக் கரையேறி இதைத்தான் குடிப்போம்."

இன்னொரு வாய் குடித்தார். என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அவிழ்த்து, பத்து ரூபாய் நோட்டு ஒன்றை என் கையில் வைத்து மூடினார். "வேண்டாம் ஆயா" என்றேன். "உன் காசுத் தண்ணீர் தம்பி, சும்மா எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நோட்டு இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. இத்தனை ஆண்டாகச் செலவழிக்க மனம் வரவில்லை. பேராசிரியை அம்மா, நீங்கள் படித்தவர். இதை நான் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் சொல்லுங்கள். வணக்கம்.