நன்றி விருந்தைச் சமைத்தது யார்?

பலமநேரில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அய்யா, மதனப்பள்ளி மிஷன் பங்களாவைப் பற்றிப் பேசினீர்கள். அங்கே இருந்த அமெரிக்க மிஷனரிகள் நவம்பரில் வரும் நன்றி செலுத்தும் நாளை எப்படிக் கொண்டாடினார்கள்? வான்கோழிக்கும் பரங்கிக்காய் பைக்கும் எங்கே போனார்கள்?" பை என்றால், மாவைத் தட்டு மாதிரி விரித்து, உள்ளே பூரணம் வைத்துச் சுடுகிற பலகாரம். இந்தக் கேள்வியைப் படித்ததில் இருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவ்வளவு நல்ல கேள்வி.

அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் நம் பக்கத்தில் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853இல் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். அந்த மிஷனின் மருத்துவ மிஷனரி ஜேக்கப் சேம்பர்லேன் மதனப்பள்ளிக்கு வந்தது 1860களில். அதே சமயத்தில்தான், 1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு நடுவே அதிபர் லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டம் ஆனது 1941இல். ஆனால் நம் ஊரில் வியாழக்கிழமை வேலை நாள். ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், பள்ளிக்கூடம் நடக்கும். அதனால் விருந்து ராத்திரிக்குத்தான்.

சரி, வான்கோழி. 1621இல் அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் நடத்திய அறுவடை விருந்தில் இருந்துதான் அமெரிக்கர்கள் இந்தப் பண்டிகையின் கதையைத் தொடங்குவார்கள். அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1612இல், கோவாவில் இருந்து ஜஹாங்கீரின் அரண்மனைக்கு ஒரு வான்கோழி வந்து சேர்ந்துவிட்டது. மன்சூர் என்ற ஓவியர் அதை வரைந்தும் வைத்திருக்கிறார். பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவைதான். மிஷனரிகள் கப்பல் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அவை இந்தியாவுக்கு வந்துவிட்டன. அந்தப் பைக்குள் போடுகிற பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி? அவை நம் பக்கத்து ஆசியச் சரக்கு. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆனந்தமாக இருக்கிறது.

கிடைக்காத ஒன்று கிரான்பெர்ரி. குளிர்ப் பிரதேசத்துச் சதுப்பு நிலத்தில் விளைகிற புளிப்புப் பழம் அது. கறிக்குத் தொட்டுக்கொள்ள அதில் ஒரு சாஸ் செய்வார்கள். என் பெரியம்மா 1950களில் நம் மாவட்டத்தில் ஒரு மிஷன் பங்களாவின் சமையலறையில் வேலை பார்த்தவர். அவர் சொன்னது: "களாக்காய்ல செஞ்சோம்டா." குன்றுப் பக்கம் புதரில் காய்க்குமே, முள் செடி, தெலுங்கில் வாக்காய, அதுதான். மழைக்காலத்தில் பறித்து, கொட்டை எடுத்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் சிவந்து இறுகிவிடும். ஜாடியில் கட்டி வைத்தால் நவம்பர் வரை தாங்கும். களாக்காயில் புளிப்பும் இருக்கிறது, இறுகுகிற குணமும் இருக்கிறது. அதைவிடப் பொருத்தமான காய் இந்தப் பக்கத்தில் இல்லை என்பேன்.

வான்கோழி சில வருடம் கிடைக்கும், கிடைக்காத வருடம் கொழுத்த நாட்டுக்கோழி இரண்டு. பங்களாவில் "அவன்" என்கிற சுடும் அடுப்பு கிடையாது. கனமான இரும்புச் சட்டியில் கோழியை வைத்து, மூடி மேலே தணல், கீழே தணல். மேல் தணல் அதிகமானால் தோல் கருகும், உள்ளே வேகாது. மூடியைத் திறக்காமல், வாசனையை வைத்தே பெரியம்மா பதம் சொல்வாராம். பரங்கிக்காயை வேகவைத்து, துணியில் கட்டித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் முட்டையும் பாலும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பை சொதசொதவென்று போய்விடும். சீமைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம். சித்தூர்க்காரர்களுக்கு வெல்லத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா!

இப்போது நான் எப்போதும் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன். பங்களாவைப் பார்க்கப் போனால் முன் வராந்தாவோடு திரும்பாதீர்கள், பின்னால் தனியாக நிற்கும் சமையலறையையும் பாருங்கள். பலமநேர் சகோதரி "மிஷனரிகள் எப்படிக் கொண்டாடினார்கள்" என்று கேட்டார். "யார் சமைத்தார்கள்" என்று அவர் கேட்டிருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். பெரியம்மா அமெரிக்காவைப் பார்த்ததில்லை. அந்த விருந்து எந்த ருசியில் இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, ஊரை விட்டு வந்து ஏங்கிய ஒரு துரைசானியம்மாவின் வாய்மொழி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நம் களாக்காயிலும் வெல்லத்திலும் அந்த ருசியைக் கொண்டுவந்த கைகள் சாதாரணக் கைகளா?

ஒரு வருடம் துரைசானியம்மா சமையல்காரர்களையும் மேஜையில் உட்கார வைத்தாராம். பெரியம்மாவுக்குக் கோழியின் இனிப்புத் தொடுகறி பிடிக்கவில்லை. மீந்த களாக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்துத் தயிர்சாதத்துக்கு வைத்தார். எங்கள் வீட்டில் இன்றும் அறுப்பின் பண்டிகை ஞாயிறு மதியத்துக்கு அது உண்டு. ஆலய வளாகத்தில் காணிக்கைக் காய்கறி ஏலம் முடிந்து பரங்கிக்காயோடு வீட்டுக்கு வந்தால், இலையில் அது இருக்கும்.

மிஷனரிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பல பத்திரமாக இருக்கின்றன. நம் சமையல்காரர்களின் பெயர்களை அப்படி யாரும் தொகுத்து நான் பார்க்கவில்லை. மதனப்பள்ளி, புங்கனூர், சித்தூர், ராணிப்பேட்டை, இந்த ஊர்களில் உங்கள் பாட்டியோ தாத்தாவோ மிஷன் சமையலறையில் வேலை பார்த்திருந்தால், அவர்கள் என்ன செய்தார்கள், எந்தப் பாத்திரத்தில் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள், ஒரு பேச்சு முழுவதையும் அதற்கென்றே வைக்கிறேன்.